எல்லைக்கோடு நகருமுன் கணக்கு வெளியே வரட்டும்

பட்டணத்து வீதிவிளக்கு எந்த இடத்தில் முடிகிறது என்று ஒருமுறை பாருங்கள். மலையகத்தில் எந்தப் பட்டணத்தை எடுத்தாலும் கடைசிக் கடையைத் தாண்டி, பஸ் வளையும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கம்பம் நிற்கும். அதற்கு அப்பால் இருட்டு. வீதியோரக் கானும் அங்கேதான் முடியும். குப்பை ட்ரக்டரும் அங்கேதான் திரும்பும். அந்தக் கம்பத்துக்குக் கூப்பிடு தூரத்தில் நமது லயம் இருக்கும். லயத்துப் பிள்ளைகள் பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள், நோயாளிகள் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், சம்பளம் பட்டணத்துக் கடைகளுக்குப் போகிறது. ஆனால் சபையின் வரைபடத்தில் மட்டும் அந்த லயம் வேறு நாடு.

இந்தக் கோட்டை அகட்டி, பட்டணத்தை ஒட்டிய தோட்டக் காணிகளை நகர எல்லைக்குள் எடுக்க வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. தேர்தல் காலத்தில் கொஞ்சம் உரத்தும், மற்றக் காலத்தில் மெதுவாகவும் எழுகிறது. நமது அங்கத்தவர்களில் ஒரு பகுதியினர் “எப்போது எடுப்பார்கள்?” என்று கேட்கிறார்கள். இன்னொரு பகுதியினர் “எடுத்தால் நம் கதி என்ன?” என்று கேட்கிறார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள். இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. அந்த இடம் சபையின் கணக்குப் புத்தகம்.

ஒரு சம்பவத்தைச் சொல்கிறோம். ஊரின் பெயர் வேண்டாம். ஒரு தோட்டத்துத் தலைவியும் மாதர் சங்கத்துப் பெண்கள் சிலரும் எமது மாவட்டக் காரியாலய உத்தியோகத்தரோடு ஒரு சபைக்குப் போனார்கள். வாரத்தில் ஒருநாளாவது குப்பை ட்ரக்டரை லயத்துக்கு மேலே அனுப்ப வேண்டும் என்பது கோரிக்கை. அங்கிருந்த உத்தியோகத்தர் மரியாதையாகத்தான் பேசினார். “அம்மா, உங்கள் பக்கத்திலிருந்து சபைக்கு ஒரு ரூபாய்கூட வருமானம் இல்லையே. நாங்கள் எந்தக் கணக்கில் இந்தச் செலவை எழுதுவது?” என்று கேட்டார். தலைவி திருப்பிக் கேட்டார்: “ஐயா, சந்தைக் கடைக்காரர் உங்களுக்குக் கட்டுகிற வாடகை யார் கொடுத்த காசு?” அவரிடம் பதில் இல்லை. ட்ரக்டரும் வரவில்லை.

அந்த உத்தியோகத்தர் சொன்னது பொய்யல்ல. அவர் பார்க்கும் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. அந்தப் புத்தகத்தை நாமும் கொஞ்சம் திறந்து பார்க்க வேண்டும்.

உலகத்தில் எந்த நகரமானாலும், பக்கத்து நிலத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்று யோசிக்கும்போது ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுகிறது. ஒரு பக்கத்தில் அந்த நிலத்திலிருந்து வரக்கூடிய வரவு. மறுபக்கத்தில் அந்த மக்களுக்குச் செய்ய வேண்டிய செலவு. வரவு கூடினால் “அபிவிருத்தி” என்கிறார்கள், செலவு கூடினால் “இன்னும் காலம் வரவில்லை” என்கிறார்கள். நமது நாட்டில் இந்தத் தாளை யாரும் பொதுமக்களுக்குக் காட்டுவதில்லை. பல இடங்களில் தாளே இல்லை, மனக்கணக்குத்தான். ஆனால் கணக்கு நடக்கிறது.

முதலில் வரவுப் பக்கத்தைப் பார்ப்போம். உள்ளூராட்சிச் சபையின் சொந்த வருமானத்தில் முக்கியமானது ஆதன வரி, பழைய ஆட்கள் சோலை வரி என்பார்கள். ஒரு கட்டடத்தின் வருடாந்தப் பெறுமதியை மதித்து அதில் ஒரு வீதத்தை அறவிடுவது. மாநகரசபை, நகரசபை எல்லைக்குள் இது பரவலாக உண்டு. பிரதேச சபையில் கட்டடங்கள் நெருங்கிய பகுதி என்று பிரகடனம் செய்யப்பட்ட இடங்களில்தான் உண்டு. பயிர்ச்செய்கைக் காணிக்கு இருப்பது ஏக்கர் வரி. அது ஹெக்டேயருக்கு இத்தனை ரூபாய் என்று விதிக்கப்படும் மிகச் சிறிய தொகை. நூற்றுக்கணக்கான ஹெக்டேயர் தேயிலை மலை சபைக்குக் கொடுப்பதைவிடப் பட்டணத்து வீதியில் ஒரு வரிசைக் கடை அதிகம் கொடுக்கும்.

அடுத்தது முத்திரை வரி. காணி கைமாறும்போது கட்டும் இந்த வரி மாகாண சபை வழியாக அந்தக் காணி இருக்கும் உள்ளூராட்சிச் சபைக்கு வந்து சேர வேண்டும். கொழும்பைச் சுற்றியுள்ள சபைகளுக்கு இது பெரிய வருமானம். தோட்டக் காணி கைமாறுவதில்லை. 1970களின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசின் கைக்குப் போயின. 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு வந்தன. இன்று அவை அரச காணி, கம்பனிக்குக் குத்தகை, குத்தகை 2045 வரை. நமக்கு உறுதி இல்லை. உறுதி இல்லாத இடத்தில் விற்பனை இல்லை, விற்பனை இல்லாத இடத்தில் முத்திரை வரி இல்லை. ஆகவே நாம் “வருமானம் தராத மக்கள்” ஆனது நமது சோம்பலால் அல்ல. நமக்கு ஒரு பேர்ச் காணியைக்கூடச் சொந்தமாக்காத ஏற்பாட்டால் வந்தது அது. காணியைத் தராமல் வைத்துவிட்டு, காணி வரி வரவில்லை என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

இனிச் செலவுப் பக்கம். இங்கேதான் கணக்குப் பார்ப்பவரின் மனம் தெரியும்.

ஒரு பேச்சுக்கு, பட்டணத்தை ஒட்டி 200 குடும்பங்கள் உள்ள ஒரு டிவிசனை எடுத்துக்கொள்வோம். சபை இரண்டு விதமாகக் கணக்குப் போடலாம். முதலாவது முறையில் சபையின் மொத்தச் செலவை மொத்தக் குடும்பங்களால் பிரித்து, ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு என்று எடுத்து, அதை 200 ஆல் பெருக்குவார்கள். பெரிய தொகை வரும், பார்த்தவுடன் பயம் வரும். இரண்டாவது முறையில் இந்த 200 குடும்பங்களைச் சேர்ப்பதால் மட்டும் புதிதாக என்ன செலவு கூடுகிறது என்று பார்ப்பார்கள். குப்பை ட்ரக்டர் ஏற்கெனவே கடைசிக் கம்பம் வரை வருகிறது. அது இன்னும் அரைக் கிலோமீற்றர் ஏறி இறங்க டீசல் எவ்வளவு? சாரதிக்கும் தொழிலாளிக்கும் சம்பளம் ஏற்கெனவே போகிறது. வாசிகசாலை ஏற்கெனவே திறந்திருக்கிறது, அதற்கு இன்னும் ஐம்பது பிள்ளைகள் வந்தால் எவ்வளவு செலவு? இந்த முறையில் சில சேவைகளின் செலவு மிகக் குறைவாக வரும்.

எல்லாச் சேவையும் அப்படியல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தண்ணீர் அப்படியல்ல. மேட்டில் உள்ள லயத்துக்கு நீர் ஏற்ற வேண்டுமானால் புதிய தாங்கியும் குழாயும் பம்பும் வேண்டும். வீதியும் அப்படியல்ல. தோட்டத்துக் கல்வீதியைக் கொங்கிரீட் போட்டு எடுப்பது பெரிய வேலை. ஆனால் அவை ஒருமுறை செய்யும் மூலதனச் செலவு. அதற்கு மாகாண சபையிலிருந்தும் அமைச்சுகளிலிருந்தும் நிதி கேட்க வழி உண்டு. வருடா வருடம் வரும் செலவையும் ஒருமுறை வரும் செலவையும் ஒரே மூட்டையில் கட்டி, “பாருங்கள், இவ்வளவு பாரம்” என்று காட்டுவது கணக்கல்ல. மறுப்பதற்காக எழுதப்படும் கணக்கு அது.

இரண்டு பக்கத்திலும் எழுதப்படாத விடயங்களும் இருக்கின்றன. தலைவி கேட்ட கேள்வி அதில் முதலாவது. சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மலையகத்துப் பட்டணம் எதிலாவது போய் நின்று பாருங்கள். நடக்க இடம் இருக்காது. தீபாவளிக்கு முதல் வாரம் சொல்லவே வேண்டாம். அந்தக் கடைகளின் வியாபார அனுமதிப்பத்திரக் கட்டணம், சந்தைக் கட்டட வாடகை, பஸ் நிலையக் கட்டணம், வாகனம் நிறுத்தும் கட்டணம் எல்லாம் சபைப் புத்தகத்தில் “நகர வருமானம்” என்று எழுதப்படுகின்றன. கொழுந்து பறித்த கைகள்தான் அந்தக் காசைப் பட்டணத்துக்குக் கொண்டு வந்தன. அதை எழுதப் புத்தகத்தில் பத்தி இல்லை.

நாம் வரி கட்டாதவர்கள் என்பதும் உண்மையல்ல. சவர்க்காரம் வாங்கினாலும் பிஸ்கட் வாங்கினாலும் தொலைபேசிக்கு ரீலோட் போட்டாலும் பெறுமதி சேர் வரி கட்டுகிறோம். 2024 ஜனவரியிலிருந்து அது நூற்றுக்கு 18. அது கொழும்புக்குப் போகிறது. சபை ஊழியர் சம்பளத்தில் பெரும் பகுதியும் அபிவிருத்தி நிதியும் கொழும்பிலிருந்து மாகாணம் வழியாகத் திரும்பி வருகின்றன. நாம் கட்டியது சுற்றிக்கொண்டு நம் பட்டணத்துக்கு வந்து, கடைசிக் கம்பத்தோடு நின்றுவிடுகிறது.

தண்ணீர் இன்னொன்று. பல பட்டணங்கள் குடிக்கும் நீர் தோட்டத்து மலைகளில் ஊறி வருவது. அந்த ஊற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் லயத்தில் பீலியடியில் வரிசையில் நிற்கிறார்கள். கீழே பட்டணத்தில் குழாய் திறந்தால் வருகிறது. திரும்பும் வழியில் பட்டணத்துக் குப்பை எங்கே போகிறது என்று கேட்டால், பல இடங்களில் ஏதாவதொரு தோட்டத்தின் ஓரத்துக்கு. நல்ல நீர் கீழே, குப்பை மேலே. இதற்கும் ஒரு விலை போட்டு வரவுப் பக்கத்தில் எழுதினால் கணக்கு எப்படி மாறும் என்று யோசியுங்கள்.

இது நமக்கு மட்டும் நடப்பதல்ல. வேறு நாட்டிலும் இதே கணக்கைப் போட்டு இதேபோல் மக்களை வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டு ஊர்களின் கதை நமக்குப் பயன்படும், இரண்டும் அமெரிக்காவில்.

ஒஹாயோ மாநிலத்தில் சேன்ஸ்வில் என்ற நகரத்துக்கு வெளியே கோல் ரன் என்றொரு சிறு குடியிருப்பு. பெரும்பாலும் கறுப்பின மக்கள். பழைய நிலக்கரிச் சுரங்கங்களால் கிணற்று நீர் கெட்டுப்போன இடம். நகரத்தின் தண்ணீர்க் குழாய் நகர எல்லையைத் தாண்டிச் சுற்றுவட்டார வீடுகளுக்குப் போனது, இவர்களுக்கு வரவில்லை. பல பத்தாண்டுகளாக மழைநீரைப் பிடித்தும் லொறியில் தண்ணீர் ஏற்றி வந்தும் வாழ்ந்தார்கள். கடைசியில் வழக்குப் போட்டார்கள். 2008இல் ஜூரிகள் அந்த மக்களுக்கு ஏறக்குறைய 1 கோடி 10 லட்சம் டொலர் நட்டஈடு கொடுக்கத் தீர்ப்பளித்தார்கள். குழாய் போடாமல் மிச்சம் பிடித்ததாக நினைத்த தொகை எவ்வளவோ, தீர்ப்பு வந்தபோது அந்தக் கணக்கு தலைகீழானது.

இரண்டாவது கதை வேறு மாதிரி. வேர்ஜீனியா மாநிலத்தில் ரிச்மண்ட் நகரம் 1970இல் பக்கத்து மாவட்டத்திலிருந்து 23 சதுர மைல் நிலத்தைத் தன்னோடு சேர்த்தது. அதோடு சுமார் 47,000 பேர் வந்தார்கள். ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர். அதற்கு முன் நகரத்தில் கறுப்பின மக்கள் நூற்றுக்கு 52 பேர். சேர்த்த பிறகு 42 பேர். நகரம் வரி வருமானத்தையும் நிலத் தேவையையும் காரணம் காட்டியது. வாக்குப் பலத்தைக் குறைக்கத்தான் கோட்டை நகர்த்தினார்கள் என்று மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1975இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் வரை போனது. வழக்கு முடியும் வரை 1970 முதல் 1977 வரை அங்கு நகரசபைத் தேர்தலே நடக்கவில்லை. கடைசியில் வட்டார முறை வந்தது, 1977 தேர்தலில் கறுப்பின மக்களின் பிரதிநிதிகள் சபையில் பெரும்பான்மை பெற்றார்கள்.

முதல் ஊரில் மக்களை வெளியே வைத்தார்கள். இரண்டாவது ஊரில் வேறு மக்களை உள்ளே கொண்டுவந்து இருந்தவர்களின் பலத்தைக் குறைக்கப் பார்த்தார்கள். இரண்டிலும் மேலே தெரிந்தது காசுக் கணக்கு. அடியில் ஓடியது, யார் நம்மவர், யார் அயலார் என்ற கணக்கு.

அந்தக் கணக்கை நாம் நன்றாக அறிவோம். 1930களின் பிற்பகுதியில் கிராமச் சங்க வாக்குரிமையை விரித்தபோது தோட்டத் தொழிலாளரை வெளியே விட்டார்கள். 1948இல் பிரஜாவுரிமை போனது, அடுத்த வருடம் பாராளுமன்ற வாக்கும் போனது. 1987இல் பிரதேச சபைச் சட்டம் வந்தபோது, அதன் 33ஆம் பிரிவு பிரதேச சபைப் பணம் தோட்டக் குடியிருப்புகளுக்கு வருவதற்குத் தடையாக நின்றது. நமது வாக்கில் தெரிவான உறுப்பினர்களே நமது வீதிக்கு ஒரு லோட் கல் போட முடியாத விசித்திரம் முப்பது வருடம் நடந்தது. 2018இல்தான் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள்.

அதே 2018இல் இன்னொரு மாற்றமும் வந்தது. அதுவரை நுவரெலியா பிரதேச சபையும் அம்பகமுவ பிரதேச சபையும் ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு லட்சம் மக்களைச் சுமந்தன. மற்ற மாவட்டங்களில் சில பத்தாயிரம் பேருக்கு ஒரு பிரதேச சபை இருக்கும்போது நமக்கு மட்டும் இந்த அளவு. மலையகத்தில் எழுந்த நீண்ட கோரிக்கைக்குப் பிறகு இரண்டும் ஆறாகின: நுவரெலியா, அக்கரப்பத்தனை, கொட்டகலை, அம்பகமுவ, மஸ்கெலியா, நோர்வூட். எல்லைக்கோடு நகர்ந்தால் நமக்கு நன்மையும் வரலாம் என்பதற்கு இதுவே சாட்சி. ஆகவே கோடு நகர்வதையே எதிர்ப்பது எமது நிலைப்பாடு அல்ல.

ஆனால் பிரதேச சபை எல்லைக்குள் இருக்கும் தோட்டத்தை நகரசபைக்கு மாற்றுவது வேறு விடயம். அதில் நாம் கவனிக்க வேண்டியவை உண்டு.

முதலாவது கோட்டின் வடிவம். நகரம் விரியும்போது பெரும்பாலும் பிரதான வீதி ஓரமாகத்தான் விரியும். வீதியோரக் கடைகள், பெற்றோல் செட், உல்லாச விடுதியாக மாறிய துரை பங்களா எல்லாம் வரி தரக்கூடியவை, அவை உள்ளே வந்துவிடும். அதற்குப் பின்னால் சரிவில் இருக்கும் லயங்கள் வெளியே நிற்கும். அப்படி நடந்தால் பிரதேச சபை தன்னிடம் இருந்த கொஞ்ச வருமானத்தையும் இழக்கும், நாம் அந்த வறிய சபையிலேயே இருப்போம். சதையை அரிந்தெடுத்துக்கொண்டு எலும்பை விட்டுப்போவது போல. நகரசபை போடும் தாளில் இந்த நட்டம் தெரியாது, ஏனென்றால் அது இன்னொரு சபையின் நட்டம்.

இரண்டாவது, உள்ளே எடுத்தால் ஆதன வரியை யார் கட்டுவது? காணி அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, லயக் காம்பராவில் இருப்பது நாம். சொந்தக்காரர் என்று எழுதாத ஆளுக்கு வரித்துண்டு வரலாமா? வந்தால், கட்டாதபோது வீட்டுப் பொருளைக் கைப்பற்றும் அதிகாரம் சபைகளுக்குச் சட்டத்தில் உண்டு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். காணி உறுதி முதலில், வரி பிறகு. இந்த ஒழுங்கு மாறக்கூடாது. உறுதியோடு வரி வந்தால் கட்டுவோம், அதில் பெருமையும் உண்டு. உறுதி இல்லாமல் வரி மட்டும் வந்தால், வாடகையில்லாத வீட்டுக்கு வாடகை கட்டத் தொடங்கிய கதையாகும்.

மூன்றாவது கட்டட அனுமதி. குடும்பம் பெருகி, லயத்துக்கு முன்னால் தகரம் போட்டு ஓர் அறை இழுத்திருக்கிறோம். இப்போது அதற்குத் தோட்டத்து ஆபிஸோடு தகராறு. நகர எல்லைக்குள் போனால் சபையின் வரைபட அனுமதியும் வேண்டும், அனுமதிக்கு உறுதி கேட்பார்கள். உறுதி இல்லாத அறை “அனுமதியற்ற கட்டடம்” ஆகும். அந்தச் சொல்லுக்கு அடுத்து என்ன வரும் என்று பட்டணங்களில் பார்த்திருக்கிறோம்.

நான்காவது, நாம் அதிகம் பயப்படுவது. கம்பனி கையை உதறிவிடும். பிள்ளைக்காம்பரா, தோட்டத்து டிஸ்பென்சரி, லயத்துக் கூரைத் திருத்தம், தண்ணீர் எல்லாவற்றுக்கும் “இனி நகரசபையைக் கேளுங்கள்” என்று துரைமார் சொல்வார்கள். நகரசபையோ “இது கம்பனிக் காணி, அவர்களைக் கேளுங்கள்” என்று சொல்லும். இன்றைக்கே பல இடங்களில் இந்தப் பந்தாட்டம் நடக்கிறது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது நமக்குப் புதிதல்ல, ஆனால் அதற்கு வர்த்தமானி முத்திரை குத்த நாம் கையெழுத்து வைக்கக்கூடாது.

இதோடு காணியின் விலை. தேயிலைக் காணி நகரக் காணியாக மாறியவுடன் அதன் பெறுமதி ஏறும். ஏறிய பெறுமதி யாருக்கு? குத்தகைக்காரருக்கா, அரசுக்கா, நான்கு தலைமுறையாக அங்கே இருக்கும் குடும்பத்துக்கா? பட்டணத்தை ஒட்டிய லயங்கள்தான் விலை கூடிய நிலத்தில் நிற்கின்றன. 7 பேர்ச் காணி தருவதென்றால் அந்த நிலத்தில் தருவார்களா, அல்லது பட்டணத்திலிருந்து ஐந்து மைல் தள்ளி மலையுச்சியில் காட்டுவார்களா? எல்லைக்கோடு நகர்ந்த பிறகு இந்தக் கேள்வியைக் கேட்டுப் பயனில்லை.

ஐந்தாவது வட்டாரங்கள். தோட்டத்து வாக்குகளை இரண்டு மூன்று நகர வட்டாரங்களுக்கு வால்போல ஒட்டிவிட்டால் எந்த வட்டாரத்திலும் நாம் தீர்மானிக்கும் சக்தியாக இருக்கமாட்டோம். ரிச்மண்ட் மக்கள் ஏன் பல வருடம் வழக்காடினார்கள் என்பது இங்கே விளங்கும். நமது சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்து, அடுத்த தேர்தல் 2025 மே மாதம்தான் நடந்தது. இடைப்பட்ட இரண்டு வருடமும் தெரிவான தவிசாளரோ உறுப்பினரோ இல்லாமல், ஒரு விளக்கு எரியவில்லை என்று சொல்லக்கூட ஆளில்லாமல் திண்டாடியதை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். பிரதிநிதி இருப்பதன் அருமை அப்போது தெரிந்தது.

நகரத்தோடு சேர்ந்தால் எல்லாம் உடனே கிடைத்துவிடும் என்று நம்புவோருக்கு ஒரு வார்த்தை. சென்னை மாநகராட்சி 2011இல் 174 சதுர கிலோமீற்றரிலிருந்து 426 சதுர கிலோமீற்றராக விரிந்தது. 42 உள்ளூராட்சி அமைப்புகள் ஒரே தடவையில் சேர்க்கப்பட்டன. சேர்ந்த பகுதிகள் பலவற்றில் பாதாளச் சாக்கடை வேலையும் மழைநீர் வடிகால் வேலையும் பத்து வருடம் கடந்தும் முடியாமல் இழுபட்டன. அவ்வளவு பெரிய மாநகரத்துக்கே அந்த நிலை. வருமானம் குறைந்த நமது சிறிய நகரசபைகள் வர்த்தமானி வெளிவந்த மறுநாள் குழாயோடு வந்து நிற்கும் என்று யாராவது மேடையில் சொன்னால் கைதட்டுமுன் யோசியுங்கள்.

எமது குறையையும் சொல்லிவிட வேண்டும். சம்பளம், செக்ரோல், ஊழியர் சேமலாப நிதி என்று கம்பனியின் கணக்கைப் பார்க்கப் பழகிய அளவுக்கு நாம் சபைகளின் கணக்கைப் பார்க்கப் பழகவில்லை. சபை உறுப்பினரிடம் விளக்குக் கேட்டோம், படிக்கட்டுக் கேட்டோம், மரண உதவி கேட்டோம். வரவு செலவுத் திட்டத்தைக் காட்டு என்று கேட்கவில்லை. ஒவ்வொரு சபையும் வருடக் கடைசியில் அடுத்த வருடத்துக்கான வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றுகிறது. அதில் தோட்டப் பகுதிக்கு எவ்வளவு என்று எண்ணிப் பார்த்த தோட்டக் கமிட்டிகள் எத்தனை? விரலுக்குள் அடங்கும்.

ஆகவே பட்டணத்தை ஒட்டிய தோட்டங்களில் எல்லை மாற்றப் பேச்சு எழுந்தால் எமது சங்கம் இவற்றைக் கேட்கும். சேர்க்கும் நகரசபையும் இழக்கும் பிரதேச சபையும் போட்ட கணக்கைத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிட வேண்டும். அதில் ஒருமுறைச் செலவும் வருடாந்தச் செலவும் தனித்தனியாக இருக்க வேண்டும். வீதியோரம் உள்ளே வருமானால் அதன் பின்னால் உள்ள லயமும் உள்ளே வர வேண்டும். குடும்பங்களுக்குக் காணி உறுதி கிடைக்கும் வரை லயங்களுக்கும் தோட்ட வீடுகளுக்கும் ஆதன வரி விதிக்கக்கூடாது, கம்பனியின் பங்களாவுக்கும் தொழிற்சாலைக்கும் விதிக்கட்டும். கம்பனி இன்று செய்து வரும் எந்தச் சேவை எந்தத் திகதியில் யார் கைக்கு மாறுகிறது என்று எழுத்தில் இருக்க வேண்டும், மாறும் வரை கம்பனியே பொறுப்பு. தோட்டத்து வாக்காளரைத் துண்டு போடாமல் ஒரு வட்டாரமாக வைக்க வேண்டும்.

இவற்றுக்குச் சம்மதமென்றால் கோடு நகரட்டும், நாமே பிடித்து நகர்த்த உதவுவோம்.

இப்போதே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரஜையும் சபையிடம் தகவல் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானித்து அறிவிக்க வேண்டும். கேட்க வேண்டியவை மூன்று: கடந்த மூன்று வருடத்தில் நமது டிவிசனுக்குச் சபை செலவிட்ட தொகை, நமது தோட்டத்திலிருந்தும் கம்பனியிடமிருந்தும் சபைக்கு வந்த வரியும் கட்டணமும், எல்லை மாற்றம் பற்றி ஏதாவது அறிக்கை அல்லது வரைபடம் இருந்தால் அதன் பிரதி. விண்ணப்பத்தைத் தமிழில் எழுதலாம். எழுதத் தெரிந்த பிள்ளை வீட்டுக்கு ஒன்று இருக்கிறது.

மாதிரி விண்ணப்பம் எமது மாவட்டக் காரியாலயங்களில் கிடைக்கும். தோட்டத் தலைவர்கள், தலைவிமார் அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது எடுத்துச் செல்லுங்கள். சபையிலிருந்து வரும் பதிலின் பிரதியை எமக்கு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் விண்ணப்பம் கொடுத்த திகதியைக் குறித்து அனுப்புங்கள், மேன்முறையீட்டை நாம் பார்த்துக்கொள்கிறோம்.